வெள்ளச் சேதம்

எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததாக ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் பதிவு இருக்கிறது. புகுந்தது வெள்ளமில்லை. பாத்திரம் கழுவும் மெஷின் அளவுக்கு மீறிச் சூடாயிற்று, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் போன் செய்தேன். சொன்ன விதத்தில் சங்கதி குளமாகிவிட்டது.

அந்த மெஷின் ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "பாத்திரம் கழுவ மெஷினா, கை இல்லியா?" என்று என் மாமி கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள்.

கை இல்லாததால்தான் வந்தது. என் பெயர் ஷிஜி. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சர்ஜன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். அந்தக் கையில் எதை வைக்க வேண்டும் என்று அவர் வாய் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைத்து என்ன ஆகப் போகிறது?

போன மழைக்காலத்தில் என் இரண்டு கையும் வெடித்தன. தியேட்டரில் முழங்கை வரை தேய்த்துக் கழுவும் மருந்து சோப்பு ஒரு பக்கம், வீட்டில் பாத்திர சோப்பு இன்னொரு பக்கம். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, மடக்கினால் ரத்தம் வந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டில் ஒன்றை விட்டே ஆகணும் சிஸ்டர்" என்றார். எங்கள் தியேட்டர் இன்சார்ஜ் ஆதிரா சிஸ்டர் அதுவரை காத்திருக்கவில்லை. வெடித்த கையோடு யாரையும் உள்ளே விடமாட்டேன் என்று சொல்லி என்னை ஓ.பி. கவுண்டருக்கு அனுப்பிவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது. வெடிப்பில் கிருமி தங்கும், நானே புதிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனாலும் டோக்கன் நம்பரைக் கூவிக்கூவி ஆளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் வேறு கை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. என் வீட்டுக்காரர் ராபின்சன் கே.எஸ்.ஆர்.டி.சி. டிரைவர். அம்பூரி மலைக்கு பஸ் ஓட்டுகிறார். விடியும் முன்பே போனால் இருட்டிய பிறகுதான் வருவார். லீவு நாளில் மனதார கழுவிக்கொடுப்பார், குறை சொல்லக் கூடாது. அவர் கழுவிய தட்டைத் தடவிப் பார்த்தால் முந்தின நாள் என்ன மீன் என்று சொல்லிவிடலாம். அவருடைய அம்மா, என் மாமி ஆனந்தபாய்க்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. கலத்தைப் பிடித்துத் தேய்க்க முடியாது. அதனால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் ஒரு கடையில் மெஷினை வாங்கினோம். கேரள எல்லையோரத் தனுவச்சபுரத்துக்காரர்களான எங்களுக்கு எல்லை தாண்டுவதும் ரோடு தாண்டுவதும் ஒன்றுதான். கல்யாணப் புடவையும் மாட்டுத் தீவனமும் அங்கேதான் வாங்குகிறோம், மெஷினையும் வாங்கினோம்.

தினமும் காலையில் பாத்திரத்தை அடுக்கி, பட்டனைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். கை மெல்ல மெல்ல ஆறியது. தோல் மூடியது. ஆதிரா சிஸ்டர் ஒரு நாள் கவுண்டருக்கே வந்து, "வருகிற திங்கள்கிழமை கையைக் காட்டு. நன்றாக இருந்தால் உள்ளே வா. இல்லையென்றால் உன் இடத்தை சோனாவுக்கு நிரந்தரமாகக் கொடுக்க வேண்டியதுதான், எத்தனை நாள்தான் நானும் பிடித்து வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது தியேட்டரில் என் இடத்தில் நிற்கும் சோனா நல்ல பெண். கெட்டிக்காரியும்கூட. அதுதான் எனக்குப் பயம்.

அந்த வாரம் பார்த்துத்தான் மெஷினுக்குக் காய்ச்சல் வந்தது.

செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்து வந்தபோது அடுக்களையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. மெஷினின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடித்தது. தட்டைத் தொட முடியவில்லை, அப்படி ஒரு சூடு. ஆனால் ஒரு பாத்திரமும் கழுவப்படவில்லை. மரச்சீனிக் கிழங்கு தட்டில் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சோப்பு வில்லை பாதி கரைந்து பாதி கிடந்தது. ஆறவைத்துத் திரும்பவும் ஓட்டினேன். கொஞ்ச நேரம் கடகடவென்று சத்தம், பிறகு அதே சூடு, அதே கண்ணடிப்பு.

"அது செத்துப் போச்சு" என்றார் மாமி. குரலில் துக்கம் இல்லை.

"சாவல்ல மாமி. காரண்டி உண்டு. நாளைக்கு விளிச்சுச் சொல்லுதேன்."

மறுநாள் கவுண்டரின் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். சென்னைப் பக்கத்துப் பெண் ஒருத்தி எடுத்தாள். தேன் குடித்தவள் மாதிரிப் பேசினாள். பிரச்சினை என்னவென்று கேட்டாள்.

"மெஷினு கெடந்து கொதிக்குது. வெள்ளம் அடியில கொஞ்சம் கெடக்குது, அதுக்க மேல ஏறல்ல" என்றேன்.

"வெள்ளமா மேடம்? எப்ப வந்துச்சு?"

"காலையிலயே வந்துரும். அடுக்களையில எப்பவும் வெள்ளம் உண்டு."

"ஐயோ. இப்ப எவ்வளவு உயரம் மேடம் நிக்குது?"

நான் மெஷினுக்குள்ளே பார்த்ததை நினைத்து, "ரெண்டு விரல்கடை இருக்கும்" என்றேன்.

"வீட்ல எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?"

சாதனம் விற்ற கம்பெனி வீட்டாரின் சுகம் விசாரிக்கிறதே என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "மாமிக்குத் தோளு வேதனை உண்டு. மத்தபடி சொகம்" என்றேன். "கவலைப்படாதீங்க மேடம், பதிவு பண்ணிட்டேன்" என்று அவள் சொன்னாள். நானும் கவலைப்படாமல் சோறு தின்றேன்.

மாலையில் பஸ்ஸில் வரும்போது போனில் செய்தி வந்தது. உங்கள் புகார் வெள்ளச் சேதம் என்ற பிரிவில் பதிவு செய்யப்பட்டுள்ளது. இயற்கைப் பேரிடரால் உண்டாகும் பழுதுகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது. படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் ஊரில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம், குழாயில் வருவதும் வெள்ளம். தமிழில்தான் பேசுகிறோம், ஆனால் அந்த ஒரு சொல்லில் மலையாளம் எங்களுக்குள் ஊறிவிட்டது. மற்ற தமிழர்களுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. இது எனக்குத் தெரியாதா? படிக்கும்போது தெரியும். பேசும்போது யாருக்கு ஞாபகம் வருகிறது?

ராபின்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ தண்ணின்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னா? 'மெஷினு தண்ணி கிட்டாம கொதிக்குது'ன்னு சொன்னா, அவ டிரைவருக்க வீடுன்னு வெளங்கிக்கிட்டு வேற மாதிரி எழுதிக்குவா" என்றேன். எங்கள் பக்கத்தில் தண்ணி என்றால் பெரும்பாலும் குப்பியில் வருவது. அதோடு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

திரும்பவும் போன் போட்டேன். இந்த முறை மலையாளத்தை அழுத்தினேன். எடுத்தவனிடம் வெள்ளம் என்று தைரியமாகச் சொன்னேன், அவனுக்கும் புரிந்தது. ஆனால் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, "சேச்சீ, இதில் வெள்ளப்பொக்கம் எந்நாணல்லோ கிடக்குந்நது" என்று, வெள்ளப்பெருக்கென்று பதிந்திருப்பதைச் சொல்லித் தலையைச் சொறிந்தான். சொறிந்தது எனக்குக் கேட்டது. ஒரு முறை பதிந்ததை அவன் மாற்ற முடியாதாம். வாங்கியது தமிழ்நாட்டில் என்பதால் நாகர்கோவில்காரர்கள்தான் வந்து பார்க்க வேண்டுமாம். வீடு கேரளத்தில் இருப்பதால் அவர்கள் வர மேலிடத்து அனுமதி வேண்டுமாம். வெள்ளம் வரவில்லை என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொடுத்தால் சீக்கிரம் நடக்குமாம். வராத வெள்ளத்துக்குச் சர்டிபிகேட் கேட்டு நான் ஆபீஸ் படியேறினால் அந்த ஆபீசர் என்னை ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக்கொடுப்பார்.

போனை வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சபையின் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. வருகிற எல்லாருக்கும் காப்பி, பலகாரம், பிறகு கஞ்சியும் பயறும். அத்தனை தட்டும் தம்ளரும் சிங்கில் விழும். அதில் கை வைத்தால் திங்கள்கிழமை என் கையை ஆதிரா சிஸ்டர் பார்க்கவே வேண்டாம், தூரத்திலிருந்தே சோனாவைக் கூப்பிட்டுவிடுவார்.

"பேப்பர் பிளேட்டு வாங்கிரலாம்" என்றார் ராபின்சன்.

"நம்ம வீட்டு ஜெபத்துக்கா? சொல்லிக் காட்டுவாவ" என்றார் மாமி.

"பேப்பர் பிளேட்டு ஒரு நாளைக்கு ஆவும். அது கழிஞ்சா? மீன்சட்டிய யாரு கழுவுவா?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரனுவ யாரும் வரண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். சொல்லும்போது எனக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட நிச்சயமில்லை. ஆனால் அந்த மெஷினை நான் விடுவதாக இல்லை.

வியாழக்கிழமை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தேன். உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. முதலில் குழாயிலிருந்து மெஷினுக்கு வரும் ஹோஸைக் கழற்றினேன். அதன் வாயில் சின்ன வலை. அதில் எங்கள் கிணற்றுச் செம்மண் ஒரு சிட்டிகை இருந்தது. கழுவி மாட்டி ஓட்டினேன். சூடானது, நின்றது. பிறகு மெஷினின் அடியில் இருக்கும் வடிகட்டியை எடுத்தேன். ஒரு சாளை மீன் முள், இரண்டு கறிவேப்பிலை. சுத்தம் செய்து ஓட்டினேன். சூடானது, நின்றது. தண்ணீர் பீய்ச்சும் கைகளைக் கழற்றி ஒவ்வொரு துளையாகப் பல்குத்தும் குச்சியால் குத்தினேன். ஒரு துளையில் கடுகு. எடுத்தேன். மெஷின் என் பாடுகளை மதிக்கவே இல்லை.

"விட்டுரு" என்றார் மாமி.

"விடமாட்டேன்" என்றேன். மாமி போய்ப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை யோசித்துவிட்டு வந்தேன். சூடு, சூடு என்று சூட்டின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோமே, சூடாவது எது? தண்ணீர். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் ஏறும் சத்தம் நின்றதும் கதவைத் திறந்தேன். அடியில் வடிகட்டிகூட முங்கவில்லை. அந்தக் கொஞ்சத் தண்ணீரை பம்பு உறிஞ்ச முடியாமல் காற்றைக் குடித்து கடகடக்கிறது. ஹீட்டரோ கடமை தவறாமல் காய்கிறது. சட்டியில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு அடுப்பை முழுக்கத் திறந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. ஒரு ஜக்கு தண்ணீரை நானே ஊற்றிக் கதவை மூடினேன். கடகடப்பு நின்றது. சள சளவென்று ஒழுங்காகப் பீய்ச்சும் சத்தம் வந்தது. கண்ணடிக்கவில்லை.

அப்போதுதான் டூட்டியிலிருந்து வந்த ராபின்சன், "அப்போ சரியாச்சே! டெய்லி ஒரு ஜக்கு ஊத்துனா போரும்" என்றார்.

"அடுத்த வெள்ளம் மாத்தும்போ யாரு ஊத்துவா? காவல் இருக்கணுமா?" என்றேன். அவர் சொன்னது நடக்காது. ஆனால் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஹீட்டரில் கோளாறில்லை. தண்ணீர் வரும் வழியிலும் கோளாறில்லை. போதிய தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ மெஷினிடம் பொய் சொல்கிறார்கள்.

இது எனக்குப் பழகின பொய். தியேட்டருக்கு வரும் முன் ஐ.சி.யூ.வில் இருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்க மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஒரு மெல்லிய ட்யூபைச் செருகி மானிட்டரோடு சேர்ப்போம். அந்த ட்யூபில் ரத்தம் கட்டிவிட்டால் மானிட்டர் வாய்க்கு வந்ததைக் காட்டும். மானிட்டரைப் பார்க்காதே, ஆளைப் பார், பிறகு ட்யூபைப் பார் என்று எங்களுக்குச் சொல்வார்கள். மெஷினோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் படத்தைத் தேடினேன். இருந்தது. அடித்தொட்டியின் பக்கவாட்டிலிருந்து பென்சில் பருமனில் ஒரு ட்யூப் கிளம்பி மேலே ஒரு சின்ன வட்டப் பெட்டிக்குப் போகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற ட்யூபில் இருக்கும் காற்று அந்தப் பெட்டியை அழுத்தும். அழுத்தம் போதுமானதும் பெட்டி, தண்ணீரை நிறுத்து என்று சொல்லும். ட்யூபின் வாய் அடைத்து காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டால் பெட்டி எப்போதும் நிறைந்தது நிறைந்தது என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

சனிக்கிழமை லீவு போட்டேன். ராபின்சன் டூட்டிக்குப் போகும் முன் மெஷினின் வயரைக் கழற்றி, குழாயை அடைத்து, அதை நடு அடுக்களைக்கு இழுத்து வைத்துவிட்டுப் போனார். விடிந்ததும் பக்கத்துத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். தகடு வந்தது. உள்ளே படத்தில் இருந்தது மாதிரியே ட்யூப். அதன் அடி, தொட்டியோடு சேரும் இடத்தில் ஒரு சின்னக் கம்பி க்ளிப். அதைக் கிள்ளி நகர்த்தினால்தான் ட்யூப் வரும். ரப்பர் கையுறை போட்ட விரலுக்கு அது அகப்படவே இல்லை. வழுக்கி வழுக்கிப் போயிற்று. கீழே பழைய சோப்பும் பிசுக்கும் அப்பிக் கிடந்தது. அதில் வெறும் கையை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கையுறைகளைக் கழற்றினேன். மணி போய்க்கொண்டிருந்தது, வேறு வழி தோன்றவில்லை.

"எடு கைய."

மாமி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"க்ளிப்பு பிடிபடல்ல மாமி. ஒரு நிமிசம்."

"எடு கையன்னு சொன்னேன். திங்களாழ்ச்ச யாருக்க கைய காட்டப் போற? எனக்க கையா?"

"ஒங்களுக்குத் தோளு…"

"தோளுக்கு மேலதான் கை போவாது. கீழ போவும். அந்தப் பலகைய இஞ்ச நீக்கு."

பலகையைப் போட்டேன். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, நான் டார்ச் அடித்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். "அது."

நான் ஒரு குறடை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இதில்ல. சின்னது."

சின்ன மூக்குக் குறட்டை வைத்தேன். சர்ஜன்களும் இதே தோரணையில்தான் கேட்பார்கள், இதே மாதிரித்தான் கேட்டது ஒன்று, வேண்டியது ஒன்று. நான் நிமிர்ந்து நின்றேன். டார்ச்சை நிழல் விழாமல் பிடித்தேன். அடுத்து துணி வேண்டிவரும் என்று தோன்றியது, எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் "துணி" என்றபோது அது அவர் கையில் இருந்தது. எத்தனையோ மாதமாக டோக்கன் நம்பர் கூவிக்கொண்டிருந்தவளுக்கு அடுக்களைத் தரையில் திரும்பவும் நர்ஸ் உத்தியோகம் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

க்ளிப் விட்டது. மாமி ட்யூபை உருவினார். ட்யூபின் வாயிலும் தொட்டியின் துளையிலும் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒன்று அடைத்திருந்தது. மாமி சுண்டுவிரலை விட்டுத் தோண்டினார். கட்டியாக வந்தது, நடுவில் தேங்காய்த் துருவலோடு. அவர் மோந்து பார்த்தார்.

"இது நம்ம தேங்காண்ண அல்லியா."

"தேங்காண்ண எப்படி மாமி உறையும்? நான் தெனமும் எழுவது டிகிரியில அல்லவா போட்டுட்டுப் போறேன். அந்தச் சூட்டுல எண்ணெ உருகி ஓடிருமே."

மாமி குனிந்து தோண்டினார். தேவைக்கு மேல் கவனமாகத் தோண்டினார்.

"மாமி?"

"அந்தக் கொறட்டக் கொண்டா."

"கொறடு ஒங்க கையிலதான் உண்டு."

அவர் குறட்டைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பஸ்ஸுக்குப் போன பெறவு நான் ஒண்ணு மாத்துவேன். கப்புக்க படம் போட்ட பட்டனுல."

கப்புக்குரிய பட்டன் கண்ணாடிப் பாத்திரங்களுக்கானது. வெதுவெதுப்பாக மட்டும் கழுவும். மாமனார் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில் வந்த, தங்கக் கரை போட்ட கப்புகளை மாமி காப்பிக்கு எடுத்து, பிறகு மெஷினில் வைப்பார் என்று எனக்குத் தெரியும். கொதிநீரில் அந்தக் கரை அழிந்துபோகும் என்று பயந்து, மீன்சட்டியையும் தேங்காய் அரைத்த ஜாரையும் சேர்த்து இத்தனை மாதமும் வெதுவெதுப்பில் குளிப்பாட்டியிருக்கிறார். எண்ணெய் உருகாமல் துருவலோடு சேர்ந்து, படிந்து படிந்து, மழைக்குளிரில் இறுகி ட்யூபை அடைத்துவிட்டது. சூடு குறைந்ததால் வந்த சூடு.

வாய் வரைக்கும் வந்தது. நல்ல காரசாரமாகவே வந்தது. இந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு, வெள்ளச் சேதம், வில்லேஜ் ஆபீஸ், எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் நடு ஆபரேஷனில் சர்ஜனோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் முறை. தவிர, அந்தப் பிசுக்கில் கிடந்தது அவருடைய கை, என்னுடையதில்லை. விழுங்கிவிட்டு, "நல்லா சுத்தி எடுங்க. வலத்த பக்கம் இன்னும் உண்டு" என்றேன்.

"தெரியுது" என்றார். குரல் இறங்கியிருந்தது.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். வீட்டில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று உண்டு. கையுறையை மாட்டிக்கொண்டு அதில் வெந்நீரை நிறைத்துக் கொடுத்தேன். மாமி ட்யூபுக்குள் அழுத்தினார். முதலில் போகவில்லை. இன்னொன்று கொடுத்தேன். வெள்ளை வெள்ளையாகக் கரைந்து மறுமுனையில் கொட்டியது. கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. ட்யூபை உலரவைத்து மேல் பெட்டியோடு பொருத்திவிட்டு, கீழ் முனையில் மெல்ல ஊதச் சொன்னேன். மாமி கன்னத்தை உப்பி ஊதினார். பெட்டிக்குள் 'டிக்' என்றது. வாயை எடுத்ததும் இன்னொரு 'டிக்'.

"அது என்ன?"

"மாமி ஊதும்போ நெறஞ்சுதுன்னு சொல்லுது. விட்டா ஒழிஞ்சுதுன்னு சொல்லுது. இனி பொய் சொல்லாது."

எல்லாவற்றையும் பூட்டி, பாத்திரம் ஒன்றும் வைக்காமல், இருப்பதிலேயே சூடான பட்டனை அமுக்கினேன். தண்ணீர் ஏறிற்று. ஏறிக்கொண்டே இருந்தது. இந்த வாரத்தில் அவ்வளவு நேரம் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. பிறகு பம்பு ஓடியது, கடகடப்பு இல்லை. மாமி பலகையிலிருந்து எழுந்திருக்காமல் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொதிக்குதா?"

"இல்ல மாமி. சூடு உண்டு. வேண்டிய சூடு."

முழுதும் ஓடி முடித்து ராகம் பாடி நின்றது. விளக்கு ஒன்றுகூடக் கண்ணடிக்கவில்லை. நான் கை தட்டினேன். மாமி முறைத்தார், "கைய ஒடைக்காத" என்றார்.

சாயங்காலம் சபையார் வந்தார்கள். மாமி பரணிலிருந்து எவர்சில்வர் தம்ளர்களை இறக்கச் சொல்லியிருந்தார். தங்கக் கரைக் கப்புகளைக் காணோமே என்று பாஸ்டரின் மனைவி கேட்டார். "அது இனி பாக்க மட்டுமாக்கும்" என்று சொல்லி மாமி அலமாரிக் கண்ணாடியைக் காட்டினார். அந்தக் கப்பில் காப்பி கொடுப்பதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் பெண்கள் சிலர் வழக்கம்போலப் புடவையைச் செருகிக்கொண்டு சிங்கைச் சுற்றி நின்றார்கள். "ஷிஜி, நான் தேய்க்கேன், நீ அலசு" என்று ஒருத்தி கூப்பிட்டாள். போகாமல் நின்றால் மருமகளுக்குக் கொழுப்பு என்பார்கள். என் கால் தானாக ஒரு எட்டு வைத்தது.

"அவ அலச மாட்டா" என்றார் மாமி கூடத்திலிருந்து. "எல்லாத்தையும் அந்த மெஷினுல வையுங்க. எழுவது டிகிரி."

மூன்று தடவை ஓட்டினோம். மூன்று தடவையும் அது தன் வேலையைச் செய்தது. ராபின்சன் ஒவ்வொரு தட்டாக எடுத்துத் துடைத்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தான் கழுவியது மாதிரி எல்லாருக்கும் காட்டினார்.

திங்கள்கிழமை ஆதிரா சிஸ்டர் என் கைகளை வெளிச்சத்துக்குக் கீழே இழுத்துப் பிடித்தார். திருப்பினார். விரல்களை விரிக்கச் சொல்லி இடுக்கு இடுக்காகப் பார்த்தார். கட்டைவிரல் ஓரத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"வீட்டில் பாத்திரம் யார் கழுவுகிறார்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"மெஷின்."

"அது பழுதாகாதா?"

"பழுதானா நாங்க சரியாக்குவோம்" என்றேன்.

அவர் என் கைகளை விட்டார். "ஒன்பது மணிக்குப் பித்தப்பை கேஸ். போய் ஸ்க்ரப் செய்" என்றார்.

உடை மாற்றும் முன் வீட்டுக்குப் போன் போட்டேன். மாமிதான் எடுத்தார்.

"மாமி, கை பாஸாச்சு. தியேட்டருக்குப் போறேன்."

மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"மாமி?"

"கேட்டேன்" என்றார். "இனி அந்த சிங்குக்க பக்கத்துல ஒன்னக் கண்டேன்னு வை, ரெண்டு கையையும் ஒடிச்சுப் போடுவேன்."